விபத்துக்குள்ளான காரை விற்பதும் வாங்குவதும்

தொழுகை, நோன்பு, ஜகாத்து ஆகியவற்றில் ஒரு சிறு ஐயம் எழுந்தாலும் ஆலிம்களைத் தேடிப் போய்க் கேட்டுத் தெளிகிறோம். இது போற்றத்தக்க வழக்கமே. ஆனால் கொடுக்கல் வாங்கல் என்று வந்துவிட்டால் நம்மில் பலர் ஆலிமைக் கேட்பதில்லை, புரோக்கரைக் கேட்கிறோம். புரோக்கர் சொல்வதே சட்டமாகிவிடுகிறது. இந்த நிலையை விளக்கும் ஒரு விஷயத்தை இம்மாதம் வாசகர்களின் முன்வைக்கிறோம்.

சகோதரர் ஒருவர் நம்மிடம் வந்தார். மகளின் மாமியார் வீட்டிலிருந்து இரவில் திரும்பும்போது அவருடைய கார், நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் மோதிவிட்டது. அல்லாஹ்வின் கிருபையால் உயிருக்கு ஆபத்தில்லை. காரின் முன்பாகம் மட்டும் நொறுங்கிப் போயிற்று. இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்து, "டோட்டல் லாஸ்" என்று எழுதிவிட்டார். கார் 4,00,000 ரூபாய்க்கு இன்ஷூர் செய்யப்பட்டிருந்தது. பழுது பார்க்க 3,40,000 ரூபாய் ஆகும் என்று கம்பெனிப் பட்டறையில் மதிப்புப் போட்டார்கள். உடைந்த காரின் விலை 1,20,000 ரூபாய் என்று கணக்கிட்டு, அதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்து, காரை அவரிடமே விட்டுவிட்டது கம்பெனி.

அவர் தமக்குத் தெரிந்த பட்டறையில் 1,50,000 ரூபாய் செலவு செய்து டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் முடித்தார். கார் புதிது போல் ஆகிவிட்டது. ஆனால் விபத்தில் வெடித்த இரண்டு ஏர்பேக்குகளுக்குப் பதில் வேறு வைக்கவில்லை. விலை அதிகம் என்று மேல்மூடியை மட்டும் ஒட்டிவிட்டார்கள். எச்சரிக்கை விளக்கு எரியாமலிருக்க ஒயரிலும் ஏதோ செய்துவிட்டார்கள்.

அதே மஹல்லாவைச் சேர்ந்த ஒரு வாலிபர் இந்தக் காரை 3,50,000 ரூபாய்க்குக் கேட்டிருக்கிறார். வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணம். சிறுநீரகம் பழுதுபட்ட தம் உம்மாவை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்லக் கார் தேவைப்படுகிறது. விபத்து நடந்ததா என்று அவர் கேட்கவே இல்லை.

"கேட்டால்தானே பாய் சொல்லணும்? கேட்காததை நாமாக ஏன் சொல்லணும்? நாம் பொய் சொல்லவில்லையே!" என்று புரோக்கர் சொல்லியிருக்கிறார். "இது சரிதானா?" என்பதே சகோதரரின் கேள்வி.

மழையில் நனைந்த தானியம்

இந்தக் கேள்விக்கு விடை பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே மதீனத்துக் கடைத்தெருவில் சொல்லப்பட்டுவிட்டது. அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து, ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள ஹதீஸ் நாம் அறிந்ததே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கண்டு அதனுள் தம் திருக்கரத்தை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று வினவினார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கடுமையாக எச்சரித்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, தானியத்தை அந்த வியாபாரி வேண்டுமென்று நனைக்கவில்லை, மழை நனைத்தது. குறை வந்தது அவர் குற்றமன்று. அதை மறைத்ததே குற்றமாயிற்று. இரண்டாவது, அவர் வாயால் பொய் ஏதும் சொன்னதாக அந்த ஹதீஸில் இல்லை. காய்ந்தது மேலேயும் நனைந்தது கீழேயும் இருந்தது, அவ்வளவே. மூன்றாவது, வாங்க வருபவர் கையை விட்டுப் பார்த்திருக்கலாமே என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லவில்லை. காட்ட வேண்டிய பொறுப்பை விற்பவர் மீதே வைத்தார்கள்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஆயிரக்கணக்கான கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. அவற்றைக் கழுவித் துடைத்து விற்பவருக்கும் மதீனத்துத் தானிய வியாபாரிக்கும் எந்த வேறுபாடும் இல்லை. அங்கே நனைந்தது தானியம். இங்கே நனைந்தது கார்.

ஆகவே, "கேட்டால்தான் சொல்ல வேண்டும்" என்ற புரோக்கரின் சட்டம் மார்க்கத்தில் இல்லை. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும் என்பதே மார்க்கத்தின் சட்டம். குறையுள்ள பொருளை அதன் குறையை விளக்காமல் தன் சகோதரனுக்கு விற்பது ஒரு முஸ்லிமுக்கு ஹலால் அல்ல என்ற கருத்தில் உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் இப்னு மாஜாவில் இருக்கிறது.

"சரி செய்துவிட்ட பின் குறை ஏது?"

சகோதரருக்கு இன்னொரு ஐயமும் இருந்தது. "கார் இப்போது நன்றாக ஓடுகிறதே! குறை நீங்கிவிட்டதல்லவா?" என்று கேட்டார்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் எதை டோட்டல் லாஸ் என்கின்றன என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் பழுதுபார்க்கும் செலவு, இன்ஷூர் செய்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு நஷ்டமாகக் கொள்வது வழக்கம். இந்த மதிப்பு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும். நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் ஓடும் காருக்குப் புது விலையில் பாதிதான் மதிப்பு. எனவே டோட்டல் லாஸ் என்பது ஒரு கணக்கு. பழைய கார் ஒன்றில் கதவுகளும் பெயிண்டும் மட்டும் கெட்டிருந்தாலும் அந்தக் கணக்கில் விழக்கூடும். சேஸிஸ் வளைந்த காரும் அதே பெயரைப் பெறும். அந்தப் பெயரை மட்டும் வைத்து எல்லாக் கார்களும் ஓடத் தகுதியற்றவை என்று முடிவு கட்டிவிட முடியாது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு சொல்லாமல் இருந்துவிடலாமா? கூடாது. ஐபு, அதாவது குறை என்பது யாது என்று பிக்ஹு நூல்கள் வரையறுத்துள்ளன. ஷாஃபி மத்ஹபின்படி, அத்தகைய பொருள்களில் வழக்கமாக இல்லாததும், பொருளையோ அதன் மதிப்பையோ குறைத்து, வாங்குபவரின் நியாயமான நோக்கத்தைத் தவறச் செய்வதும் ஐபு ஆகும். ஹனஃபி மத்ஹபில், வியாபாரிகளின் வழக்கத்தில் எது விலையைக் குறைக்குமோ அது ஐபு.

இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்ப்போம். விபத்தில் முழு நஷ்டம் என்று எழுதப்பட்ட கார் என்று தெரிந்தால் கார் வியாபாரிகள் விலையைக் குறைப்பார்களா, இல்லையா? கட்டாயம் குறைப்பார்கள். எவ்வளவு அருமையாகச் சரி செய்திருந்தாலும் குறைப்பார்கள். எனவே அது ஐபுதான். உண்மையில், நம் உள்ளமே இதற்குச் சாட்சி சொல்கிறது. "சொன்னால் விலை குறைந்துவிடுமே" என்ற அச்சம்தானே நம் வாயை மூட வைக்கிறது? அந்த அச்சம் எழும் இடத்தில் சொல்ல வேண்டிய கடமையும் எழுந்துவிடுகிறது.

இது விலையோடு நிற்கும் விஷயமும் அல்ல. இன்றைய கார்களின் முன்பாகம், மோதலின் வேகத்தைத் தான் வாங்கிக்கொண்டு நசுங்கும்படி அமைக்கப்படுகிறது. உள்ளே இருப்பவரின் உயிரைக் காக்கவே இப்படிச் செய்கிறார்கள். நசுங்கியதைச் சூடேற்றி அடித்து நிமிர்த்தினால் பார்வைக்கு நேராகிவிடும். ஆனால் அடுத்த மோதலில் முன்போலவே காக்கும் என்று நம்ப முடியாது. ஏர்பேக் ஒரு முறைதான் விரியும். வெடித்ததை மாற்றாமல் மூடியை ஒட்டி, விளக்கையும் எரியவிடாமல் செய்வது ஒரு மனிதரிடம் வெற்றுப் பெட்டியைக் கொடுத்து, "இதில் உன் உயிரைக் காக்கும் பொருள் இருக்கிறது" என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

ஆட்டின் மடியில் பாலைக் கறக்காமல் கட்டி வைத்து, நிறையப் பால் தரும் ஆடு போல் காட்டி விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாங்கியவருக்கு மூன்று நாள் அவகாசமும் திருப்பித் தரும் உரிமையும் அளித்தார்கள். பட்டி பூசி மறைப்பதும், மீட்டரைத் திருப்பி வைப்பதும், எச்சரிக்கை விளக்கை அணைப்பதும் மடியைக் கட்டுவதைப் போன்றவையே.

"உள்ளது உள்ளபடி" என்று எழுதி வாங்கினால்?

"காரை உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் குறைக்கும் விற்றவர் பொறுப்பல்ல" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். இதற்கும் முன்னோர் வாழ்வில் பாடம் இருக்கிறது.

அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள், குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையுடன் ஓர் அடிமையை 800 திர்ஹமுக்கு விற்றார்கள். அடிமைக்கு நோய் இருந்ததாக வாங்கியவர் வழக்குரைத்தார். கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள், விற்கும்போது அந்த நோயைத் தாம் அறியவில்லை என்று சத்தியம் செய்யும்படி தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பின்னர் அவர் குணமடைந்ததும் 1,500 திர்ஹமுக்கு விற்றதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காணப்படுகிறது. நிபந்தனை எழுதியிருந்தும், "உமக்குத் தெரிந்திருந்ததா?" என்ற கேள்வியே தீர்ப்பை நிர்ணயித்தது.

ஷாஃபி மத்ஹபில் இத்தகைய நிபந்தனை, உயிருள்ள பிராணியில் மறைந்திருந்து விற்பவருக்கும் தெரியாத குறைக்கு மட்டுமே பயன்படும். காருக்கு அது உதவாது. ஹனஃபி மத்ஹபில் அந்த நிபந்தனை செல்லும். வாங்கியவர் பிறகு திருப்ப முடியாது. ஆனால் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. திருப்பித் தர முடியாது என்பது இவ்வுலக வழக்கின் முடிவு. தெரிந்த குறையை மறைத்த பாவம் எந்த மத்ஹபிலும் கையெழுத்தால் கரைந்து போவதில்லை.

பட்டறைக்காரரும் புரோக்கரும்

கடமை விற்பவருக்கு மட்டும்தானா? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார்கள். ஒருவர் ஓர் ஒட்டகத்தை 300 திர்ஹமுக்கு விற்றார். அங்கிருந்த வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்கள் சற்றுக் கவனக்குறைவாக இருந்துவிட்டார்கள். வாங்கியவர் புறப்பட்டதும் பின்னாலேயே ஓடி, இதை வாங்கியது இறைச்சிக்கா, சவாரிக்கா என்று கேட்டார்கள். சவாரிக்கு என்றதும், குளம்பில் துளை இருப்பதையும் அது தொடர்ந்து நடக்காது என்பதையும் தெரிவித்தார்கள். விலை 100 திர்ஹம் குறைந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று விற்றவர் வருந்தினார். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நாயகம் (ஸல்) அவர்களிடம் வாக்களித்துள்ளோம் என்றும், குறையை அறிந்தவர் அதைச் சொல்லாமலிருப்பது ஆகுமானதல்ல என்றும் வாஸிலா (ரலி) அவர்கள் விடையளித்தார்கள்.

எனவே டிங்கரிங் செய்த மிஸ்திரியும், கமிஷன் வாங்கும் புரோக்கரும், அருகிலிருந்து எல்லாம் அறிந்த நண்பரும் இந்தப் பொறுப்பிலிருந்து விலகிவிட முடியாது. "இறைச்சிக்கா, சவாரிக்கா?" என்ற கேள்வியையும் நாம் பாடமாகக் கொள்ள வேண்டும். உதிரிப் பாகங்களுக்காக வாங்குபவருக்கு ஏர்பேக் இல்லாதது பெரிய குறையாகாது. நோயாளித் தாயை ஏற்றிச் செல்ல வாங்குபவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

உடைந்த காரை விற்பவர் கவனிக்க வேண்டியவை

உடைந்த காரை விற்பதே கூடாது என்று யாரும் தவறாக எண்ண வேண்டாம். அதற்கும் மதிப்பு உண்டு. குறையைச் சொல்லி விற்பதும், தெரிந்தே வாங்குவதும் ஆகுமானவையே. கீழ்வரும் மஸ்அலாக்களை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

1. முழுத் தொகையையும் இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்துவிட்டு உடைந்த காரைத் தானே எடுத்துக்கொள்வதாக இருந்தால், அது நம் வாசலில் நின்றாலும் கம்பெனியின் பொருள், நம்மிடம் அமானிதம். பேட்டரியையும் டயரையும் கழற்றி விற்பது அமானித மோசடி. இன்ஷூரன்ஸ் தொகையில் எவ்வளவு நமக்கு ஆகும் என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தனியே தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2. "சின்ன இடி" என்று மழுப்பக் கூடாது. எந்த ஆண்டு, எந்தப் பக்கம் மோதியது, டோட்டல் லாஸ் எழுதப்பட்டது, எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை என்று எழுதிக் கொடுப்பதே நன்று. அத்தாஃ இப்னு காலித் (ரலி) அவர்களுடன் நடந்த ஒரு வியாபாரத்தில், நோயும் மோசடியும் இல்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுதிக் கொடுத்த செய்தி திர்மிதியில் உள்ளது.

3. இனி ஓடவே முடியாத அளவு அழிந்த காராயின், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி 14 நாட்களுக்குள், அல்லது இயன்ற விரைவில், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். காருக்காக அன்றி ஆர்.சி.க்காகவும் சேஸிஸ் நம்பருக்காகவும் மட்டுமே நல்ல விலை தருவதாக வருவோர் உண்டு. திருடிய காரில் அந்த நம்பரை அடித்து ஓட்டுவதற்கே அது பயன்படும். தெரிந்தே கொடுப்பது பாவத்தில் ஒருவருக்கொருவர் உதவுவதாகும். அல்மாயிதா அத்தியாயத்தின் 2-ஆம் வசனம் இதைத் தடுக்கிறது.

4. ஓடும் காரை விற்றால் பெயர் மாற்றம் நடந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பெயர் மாறாத கார் விபத்து செய்தால், பதிவிலுள்ள உரிமையாளரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

பொறுப்பு விற்பவருடையது என்பதால் வாங்குபவர் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று பொருளல்ல. வெளிப்படையாகக் கேளுங்கள், பழைய பாலிஸிகளைக் காட்டச் சொல்லுங்கள். கிளெய்ம் செய்யாததற்கான கழிவு ஒரே உரிமையாளரிடம் திடீரென்று நின்று போயிருந்தால் காரணம் கேளுங்கள். பானெட், கதவு இடைவெளிகள் இருபுறமும் ஒன்றுபோல் உள்ளனவா, எஞ்சின் அறையின் ஓரங்களில் புதிய வெல்டிங் தெரிகிறதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தால், வெள்ளத்தில் நின்ற காரில் சேற்றுக்கோடு தெரியும். சாவி திருகியதும் ஏர்பேக் விளக்கு சிறிது நேரம் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் ஐயப்படுங்கள்.

ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் மூன்று நாள் வரை நிபந்தனை வைத்து வாங்க வழி உண்டு. "மூன்று நாளில் நம்பகமான மிஸ்திரியிடம் காட்டுவேன், பிடிக்காவிட்டால் திருப்பித் தருவேன்" என்று பேசி வாங்குவது மார்க்கம் காட்டும் எளிய பாதுகாப்பு.

மறைத்த குறை பிறகு தெரிய வந்தால் திருப்பித் தரும் உரிமை உண்டு. ஷாஃபி மத்ஹபில் தெரிந்தவுடன் தாமதமின்றித் திருப்ப வேண்டும். தெரிந்த பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தால் உரிமை போய்விடும். இதற்கிடையில் நம்மிடம் வேறு சேதம் ஏற்பட்டிருந்தால், விற்றவர் இசைந்தாலன்றித் திருப்ப முடியாது. விலையில் குறைவுக்கு ஈடு கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. "நான் ஏமாந்தேன், என் நஷ்டத்தை இன்னொருவர் தலையில் கட்டுகிறேன்" என்று யாரும் துணியக் கூடாது. நமக்கு இழைக்கப்பட்ட அநியாயம், நாம் பிறருக்கு அநியாயம் செய்ய அனுமதிச் சீட்டு ஆகாது.

பரக்கத் எங்கே இருக்கிறது?

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளை விளக்கினால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் அருளப்படும் என்றும், பொய் சொல்லி மறைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்றும் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

நம்மிடம் வந்த சகோதரர் அன்று இஷாவுக்குப் பின் அந்த வாலிபரைப் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வாலிபர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உம்மாவை ஏற்றிப் போகிற வண்டி, காக்கா" என்று மட்டும் சொல்லி ஸலாம் கூறி எழுந்து போனார். பின்னர் அந்தக் கார், எல்லாக் குறைகளும் காகிதத்தில் எழுதப்பட்டு, உதிரிப் பாகங்களுக்காக ஒரு பட்டறைக்காரருக்கு 1,70,000 ரூபாய்க்குப் போயிற்று.

1,80,000 ரூபாய் அவர் கைக்கு வராமல் போனது உண்மை. நடுத்தரக் குடும்பத்துக்கு அது சிறு தொகையல்ல. ஆனால் அந்த வாலிபரின் தாயார் செல்லும் கார் எங்கேனும் மோதியது என்று ஓர் இரவில் செய்தி வந்தால், அந்தத் தொகையை வைத்துக்கொண்டு இவரால் உறங்க முடிந்திருக்குமா? மஹ்ஷரில் அந்தத் தாய் எதிரே வந்து நின்றால் எந்தக் கையெழுத்தைக் காட்டித் தப்பியிருப்பார்?

கையை விட்டுப் பார்த்தால் ஈரம் தட்டாத தானியமாக நம் வியாபாரங்கள் யாவும் அமைய எல்லாம் வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.